சீமெந்துத் தரைக்குக் கீழே

அப்பாவின் அந்தியேட்டிச் சடங்குக்கு வந்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். பீலெஃபெல்ட் நகரத்தில் அன்றைக்கு அப்படி ஒரு மழை. வந்தீர்கள், சாப்பிட்டீர்கள், போகும்போது மண்டபத்துக் கதிரைகளையும் அடுக்கிவைத்துவிட்டுப் போனீர்கள். அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் பாயாசம் பரிமாறுகிற நேரம் அப்பாவின் பழைய கூட்டாளி மைக்கைப் பிடித்து ஒரு கதை சொன்னார் அல்லவா, சிம்பாப்வேயில் அப்பா பள்ளிக்கூடம் கட்டிய கதை, அது முழுக்கதை இல்லை.

"சேரிட்டைப் படிச்ச அந்தப் பிள்ளை நாட்டுக்காகத் தன்ர தமையன்ர குழியையே விட்டுக்குடுத்தது. அப்பிடிப் பிள்ளையளை வளர்த்துவிட்ட மனிசன் எங்கட சேர்" என்றார் அவர். நீங்கள் எல்லோரும் தலையாட்டினீர்கள். நான் வாழையிலைப் படம் போட்ட கடதாசித் தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். செத்தவீட்டுக்காரி எழும்பி நின்று, "அண்ணை, அது அப்பிடியில்லை" என்று சொல்ல ஏலுமா?

நீங்கள் ஊர்க்கதை கதைக்கத் தொடங்கினால் நான் வாய் திறப்பதில்லை, கவனித்திருப்பீர்கள். மதிலேறி விழுந்தது, தேர்முட்டியில் ஒளித்துப் பிடித்தது, ரியூசனுக்குப் போகிற வழியில் ஐஸ்பழம் குடித்தது என்று உங்களுக்குச் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுப்பீர்கள். என் பதினோராவது வயதை எடுத்துத் தொடர இந்த நகரத்தில் ஒருத்தரும் இல்லை. சொல்ல வெளிக்கிட்டாலும், "அட, ஆபிரிக்காவோ? சிங்கம் கண்டனீரோ?" என்பீர்கள். அத்தோடு கதை சரி. அப்பா இருக்கும்வரை அதைக் கதைக்க வீட்டில் ஓர் ஆள் இருந்தார். இப்போது அவருடைய நோயாளிக் கட்டிலையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அறை பெருத்துப்போய்க் கிடக்கிறது. வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றினால், வந்திட்டன் என்று சொல்ல ஆளில்லை. அதனால்தான் எழுதுகிறேன், கோபத்தில் இல்லை.

சரி, கொஞ்சம் கோபமும்தான்.

சிம்பாப்வேயில் விடுதலைப் போர் முடிந்து, நாடு சுதந்திரம் பெற்ற புதிது. எரிந்த பள்ளிக்கூடங்களைத் திருப்பிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர்கள் காணாது என்று வெளிநாடுகளிலும் ஆள் எடுத்தார்கள். யாழ்ப்பாணத்தில் கணக்கு வாத்தியாராக இருந்த அப்பாவும் எழுதிப்போட்டார், கிடைத்தது. எங்களை அனுப்பியது நகரத்துக்கு இல்லை, பஸ் போய் இதற்கு மேல் பாதை இல்லை என்று நிற்கிற ஓர் இடத்துக்கு. வழியில் குண்டு வைத்துத் தகர்த்த பாலம் ஒன்று ஆற்றுக்குள் மூக்கைக் குத்திக்கொண்டு கிடந்தது. பஸ் அதற்குப் பக்கத்தால் தண்ணீருக்குள் இறங்கி ஏறியது. மிதிவெடி இருந்த வயல்களைச் சுற்றிக் கம்பி கட்டி மண்டையோட்டுப் படம் தொங்கவிட்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் என்று எங்களுக்குக் காட்டியதில் கூரை இல்லை, யன்னல் இல்லை, சுவர் முழுக்கக் கரி.

ஆனால் அந்தச் சனத்தின் உற்சாகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தாய் தகப்பன்மார் முறை வைத்து வந்து மண் குழைத்துச் செங்கல் அரிந்தார்கள். சூளைப் புகையில் எங்கள் உடுப்பெல்லாம் மணக்கும். அரசாங்கம் சீமெந்தும் தகரமும் தந்தது. கட்டடம் எழும்பும்வரை மரத்தடியில் படிப்பு, காலையில் ஒரு கூட்டம், மத்தியானத்துக்குப் பிறகு இன்னொரு கூட்டம். அப்பாவைத் தலைமை ஆசிரியராக்கி, கட்டட வேலையையும் அவர் தலையில் கட்டினார்கள். அவருக்கோ கால் நிலத்தில் படவில்லை. "இஞ்சாரும், ஒரு நாடு முதல் நாளிலயிருந்து எழும்புறதை எத்தினை பேர் பாத்திருப்பினம்?" என்று அம்மாவிடம் சொல்லுவார். "முதல் எங்கட குசினிக் கூரை ஒழுகிறதைப் பாருங்கோ" என்பார் அம்மா.

யாழ்ப்பாணத்து ஆள் ஒரு வளவுக்குள் கால் வைத்தால் முதலில் என்ன செய்வார் என்று உங்களுக்குத் தெரியும். பற்றையை வெட்டுவார், கல்லைப் பொறுக்குவார், கூட்டிப் பெருக்கி வெறுந்தரையாக்கிவிட்டுத்தான் மற்ற வேலை. அப்பாவும் அதைத்தான் செய்தார். பள்ளி விடுமுறை, வேலையாட்கள் தங்கள் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். அவருக்குச் சும்மா இருக்க ஏலாது. எரிந்த கட்டடத்தின் பின்னால் ஒரு முசாசா மரம் நின்றது. அந்த மரத்தின் தளிர் சிவப்பாக வந்து, பிறகுதான் பச்சையாகும். அதன் கீழே ஆள் நீளத்துக்குக் கற்கள் குவிந்து கிடந்தன. மேலே ஓர் எனாமல் கோப்பை கவிழ்ந்திருந்தது. வெள்ளைக் கோப்பை, நீல விளிம்பு, அடியில் ஓட்டை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்தக் கல் முழுவதையும் தள்ளுவண்டிலில் அள்ளிப் புது விஞ்ஞான வகுப்பின் அத்திவாரத்துக்குள் கொட்டினார். நானும் அம்மாவும் சின்னக் கற்களைக் கை மாற்றிக் கொடுத்தோம். துப்புரவான இடத்தையும் வகுப்பின் பின்பக்கத்தோடு சேர்த்து அளவை நீட்டினார். நல்ல வெயில், இடையிடையே தேசிக்காய்த் தண்ணீர், அப்பா சினிமாப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வேலை செய்தார். எனக்கு அது மிகவும் சந்தோசமான ஒரு நாள்.

எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? நாங்கள் செத்தவரை எரிக்கிற ஆட்கள். சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைத்துவிட்டு வந்து தலைமுழுகித் தோய்ந்துபோட்டுச் சாப்பிடுகிற ஆட்கள். நிலத்துக்குள் ஒருவர் படுத்திருப்பார், அவருக்கு மேலே கல் இருக்கும், கல்லுக்கு மேலே அவர் சாப்பிட்ட கோப்பை இருக்கும் என்பது எங்கள் கண்ணுக்குப் பழக்கமில்லாத காட்சி. விடுமுறை முடிந்து வந்த மேசன், "இந்தக் கல் எங்கேயிருந்து?" என்று கேட்டான். அப்பா பெருமையோடு மரத்தடியைக் காட்டினார். மேசன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தூரத்தில் போய் இருந்தான். அன்று முழுவதும் வேலைக்கு வரவில்லை. "சரியான பஞ்சிக்காரன், வேலைக்கள்ளன்" என்றார் அப்பா. மறுநாள் அவன் வந்தான், சுவரை எழுப்பி, சில கிழமைகளில் தரைக்குச் சீமெந்தும் போட்டான். அவனும் சொல்லவில்லை, ஊரும் சொல்லவில்லை. கடல் கடந்து வந்து தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டுகிற வாத்தியாரிடம் அதை யார் போய்ச் சொல்வது.

கோப்பையை அம்மா எறிய விடவில்லை. "அடியில ஓட்டை இருக்கு, தண்ணி வடியும். மிளகாய்க் கண்டு வைக்கலாம்" என்று தேய்த்துக் கழுவி, வீட்டு மண்ணை நிரப்பி, ஊரிலிருந்து கொண்டுவந்த மிளகாய் விதையைப் போட்டார். எங்கள் வாசற்படியில் அது இருந்தது.

புதுத் தவணை தொடங்கியபோது, நான் அக்கா என்று கூப்பிடப்போகிறவள் வந்தாள்.

அதுவரை, மரத்தடி வகுப்பில் இரண்டு பேர் இருக்கக்கூடிய என் வாங்கில் நான் மட்டும்தான். அப்பா என்னை இரண்டு வகுப்பு தூக்கிப் போட்டிருந்தார், பிள்ளை கெட்டிக்காரியாம். மற்றவர்கள் எல்லாம் போரால் படிப்பை விட்டவர்கள். மீசைக்காரர்கள் இருந்தார்கள், பிள்ளை பெற்றவர்கள் இருந்தார்கள், துவக்குத் தூக்கினவர்களும் இருந்தார்கள். தலைமை ஆசிரியரின் மகள் பக்கத்தில் இருக்க ஒருவரும் விரும்பவில்லை. இடைவேளைகளில் நான் தண்ணீர்த் தாங்கியடியில் நின்று, கழுவ ஒன்றும் இல்லாமல் கை கழுவிக்கொண்டிருப்பேன். அக்கா மட்டும் நேரே வந்து, கொப்பிகளை வைத்து, "கொஞ்சம் தள்ளி இரு" என்றாள். இருபது வயது இருக்கும். அவள் பேசினது ஆங்கிலமும், அந்த ஊர் மொழியான ஷோனாவும். இத்தனை வருடம் கழித்து எனக்கு அது எங்கள் தமிழாகத்தான் காதில் விழுகிறது, அப்படியே எழுதுகிறேன். நான் அவளை அக்கா என்று கூப்பிட, அப்படியென்றால் என்ன என்று கேட்டாள். சொன்னேன். "எனக்கு ஒரு அண்ணன்தான் இருந்தவன். தங்கச்சி இல்லை. சரி, கூப்பிடு" என்றாள்.

வறுத்த நிலக்கடலையைக் கையால் கசக்கி, தோலை ஊதி, பருப்பை என் பக்கம் தள்ளுவாள். எழுதும்போது நாக்கு வெளியே வரும். போரில் காயப்பட்டவர்களைத் தூக்கிப் பழகினவள், தாதியாக வரவேண்டும் என்று ஆசை. அதற்குக் கணக்கு வேண்டும், கணக்கோ அவளுக்கு வராது. நான் சொல்லிக்கொடுப்பேன். சின்னப் பிள்ளையிடம் கேட்க வெட்கப்படமாட்டாள்.

அவள் அங்கே வந்தது படிப்பதற்காக மட்டும் இல்லை. அண்ணனின் குழியைத் தேடி வந்தவள். அவன் ஒருநாள் வகுப்பறையிலிருந்தே எழும்பிப் போய்ப் போராளிகளோடு சேர்ந்துவிட்டான். இந்த மாவட்டத்தில் எரிந்த பள்ளிக்கூடம் ஒன்றின் பின்னால் அவனைப் புதைத்ததாகக் கூட இருந்தவர்கள் தாயிடம் வந்து சொல்லியிருக்கிறார்கள். எது என்று அவர்களுக்கும் சரியாகத் தெரியவில்லை. எரியாத பள்ளிக்கூடம் அந்தப் பக்கம் ஏது?

"குழியில மண் எடுத்துக்கொண்டு வீட்டை போகோணும்" என்றாள். "அங்க சடங்கு செய்து ஆவியை உள்ளுக்குக் கூப்பிடவேணும். இல்லாட்டி அவன் வெளியில திரிவான். அம்மா அதுக்குத்தான் என்னை அனுப்பினவ. தேடி முடியுமட்டும் படி எண்டு விட்டிருக்கிறா."

"முடிஞ்சாப் பிறகு?"

"போகோணும். என்னைக் கட்டுறதுக்கு ஒருத்தன் பரிசமா மாடுகளோட காத்துக்கொண்டிருக்கிறான்."

"அப்ப தாதி?"

அவள் கடலைத் தோலை ஊதினாள்.

சனிக்கிழமைகளில் என்னையும் கூட்டிக்கொண்டு போவாள், பாதையை விட்டு இறங்கக்கூடாது என்ற நிபந்தனையோடு. எரிந்த கட்டடங்களின் பின்பக்கங்களில் புல்லை விலக்கி விலக்கிப் பார்ப்பாள். ஊராரிடமும் விசாரிப்பாள். தெரியாது என்பார்கள், சிலர் நிலத்தைப் பார்த்தபடி சொல்வார்கள். ஒன்றும் கிடைக்காமல் திரும்பும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் பெரிய ஆறுதல். அவளுக்கும் நடை கொஞ்சம் இலேசாகும்.

பின்னேரங்களில் அப்பா வீட்டு விறாந்தையில் கணக்கு வகுப்பு வைத்தார். ரியூசன் வைக்காமல் எங்கள் ஆட்களுக்கு ஒரு நாடு நாடாகத் தெரியாது. அக்கா முதல் தடவை வீட்டுக்கு வந்த அன்றைக்கு, வாசற்படியில் செருப்பைக் கழற்றக் குனிந்தவள் நிமிரவில்லை. மிளகாய்க் கண்டுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நீல விளிம்பில் ஓர் இடத்தை விரலால் தொட்டாள். அந்த இடத்தில் எனாமல் உடைந்து கறுப்பாக இருந்தது.

"அதுவோ, அது ஆரோ எறிஞ்ச ஓட்டைக் கோப்பை, பிள்ளை. மரத்தடியில கல்லுக்கு மேல கிடந்தது" என்றார் அம்மா, தன் ஆங்கிலத்தில், சிரித்துக்கொண்டு.

"ஓட்டை இல்லை, அம்மா. குத்தினது" என்றாள் அக்கா. "செத்தவன்ர கோப்பையில வேற ஆரும் சாப்பிடக்கூடாது. அதுக்காகக் குத்துறது. இது எங்கட வீட்டுக் கோப்பை. அவன் கொண்டு போனது."

அம்மா தலையில் கை வைத்தபடி படியிலேயே இருந்துவிட்டார். அப்பா உள்ளேயிருந்து வந்து, என்ன என்று கேட்டு, விளங்கி, திரும்பி உள்ளே போனார். அன்றைக்குக் கணக்கு வகுப்பு இல்லை.

விடிந்ததும் அப்பா அலவாங்கைத் தூக்கிக்கொண்டு புது வகுப்புக்குப் போனார். நானும் பின்னால் ஓடினேன். சீமெந்து அப்போதுதான் இறுகியிருந்தது, பச்சைச் சீமெந்து மணம். அக்கா அங்கே ஏற்கெனவே நின்றாள். அப்பா சொன்னார், "நான் உடைக்கிறன். நான் போட்டதை நானே உடைக்கிறன். மந்திரி வந்தாலும் வராட்டியும் பரவாயில்லை." திறப்பு விழாவுக்கு மந்திரி வருவதாக இருந்தது.

"வேண்டாம், சேர்" என்றாள் அக்கா. "பள்ளிக்கூடம் இருக்கட்டும். எந்த இடம் எண்டு மட்டும் காட்டுங்கோ."

அப்பா கடைசி யன்னலோரம் குந்தியிருந்து, வெண்கட்டியால் தரையில் ஒரு நீளக் கோடு போட்டார். போட்டுவிட்டு அழுதார். அப்பா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. உங்களுக்கு அப்பா சொன்ன கதை இந்த இடத்தில்தான் முடியும். நாட்டைக் கட்டுகிற பிள்ளை, தன் துக்கத்தைவிட வகுப்பறை பெரிதென்று நினைத்த பிள்ளை. எத்தனை கூட்டத்தில் சொல்லியிருப்பார். பிறகு எங்கள் மண்ணில், போரில் செத்துப் புதைக்கப்பட்ட எங்கள் பிள்ளைகளின் கல்லறைகளை இயந்திரம் விட்டு உழுதார்கள் என்ற செய்தி வந்தது. அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை. "நானும் ஒருக்கா உழுதனான்" என்றார். அதற்குப் பிறகு அந்தக் கதையை அவர் சொல்லவே இல்லை. மற்றவர்கள்தான் சொன்னார்கள்.

அப்பா பிழையாக விளங்கிக்கொண்டார். அவள் நாட்டை நினைத்து அதைச் சொல்லவில்லை. அன்றைக்குப் பள்ளி விட்டு வரும்போது பாதையில் எனக்கு மட்டும் சொன்னாள்:

"உடைச்சா மண் எடுக்கோணும். எடுத்தா நான் போகோணும்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"உன்ர அப்பாவுக்குச் சொல்லாத. அவர் என்னைப் பற்றிப் பெரிசா நினைச்சுக்கொண்டிருக்கிறார்."

நான் சொல்லவில்லை. எனக்கு அவள் இருந்தால் போதும். ஆனால் பாருங்கள், மேசை வாங்குகள் புது வகுப்புக்குள் வந்தபோது, அவள் என் பக்கத்தில் இருக்கவில்லை. கடைசி யன்னலோரம், அந்த வெண்கட்டிக் கோடு அழிந்துபோன இடத்தில், ஒரு வாங்கைத் தனியே இழுத்துப் போட்டு இருந்துகொண்டாள். நான் என் வாங்கில் இடம் விட்டுத் தள்ளி இருந்து பார்த்தேன். திரும்பிப் பார்த்தேன். கடலை கொண்டுபோய்க் கொடுத்தேன், வாங்கிக்கொண்டு, "போய்ப் படி" என்றாள். பதினொரு வயதில் அது எனக்குத் தாங்கவில்லை. அவளுக்கு என்மேல் என்ன கோபம் என்று அந்தத் தவணையின் மிச்சம் முழுக்க யோசித்தேன். தண்ணீர்த் தாங்கியடிக்கே திரும்பிப் போனேன். அவள் அவனுக்குக் காவல் இருந்தாளோ, அவனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாளோ, எனக்கு இன்றைக்கும் தெரியாது. யாரோடும் பங்குபோட முடியாத இருப்பு அது என்று மட்டும் இப்போது தெரிகிறது. அந்த மாதிரி இருக்க எனக்கும் இப்போது பழகிவிட்டது.

தவணை முடிகிற கிழமை அவளுடைய தாய் வந்தாள். மெலிந்த மனுசி, தலையில் துணி கட்டி, கையில் ஒரு மூட்டை. பஸ்ஸடியிலிருந்து வெயிலுக்குள் நடந்து வந்திருக்கிறாள். மூட்டையிலிருந்து, மண் கட்டிக்கொண்டு போக மடித்து வைத்த வெள்ளைச் சீலைத் துண்டு வெளியே தெரிந்தது. நான்தான் அவளை அக்காவிடம் கூட்டிக்கொண்டு போனேன். வகுப்பு முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் குளிர்ச்சியான இடம் அந்த அறைதான். தாய் உள்ளே வந்து, சுற்றிப் பார்த்து, யன்னல் காற்று வருகிற பக்கம் நடந்து, அக்காவின் வாங்குக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் இருந்தாள். கால்களை நீட்டினாள். உள்ளங்கையால் சீமெந்தைத் தடவினாள்.

"நல்ல தரை" என்றாள். அதற்குள் எனக்கு ஷோனா நன்றாக விளங்கும்.

அக்கா தண்ணீர் கொடுத்தாள்.

"எல்லா இடமும் பாத்தியோ?"

"பாத்தனம்மா."

"இந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இஞ்ச இல்லை, அம்மா. இன்னும் தேடுறன்."

தாய் மூட்டையைத் தலைக்கு வைத்து, ஒரு பக்கமாகச் சரிந்து, அந்தத் தரையிலேயே படுத்தாள். கண்ணை மூடினதும் நித்திரையாகிவிட்டாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அக்கா பக்கத்தில் முழங்காலில் இருந்து, கொப்பி மட்டையால் ஈ விரட்டிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அப்பா அலுவலகத்திலிருந்து வெளியே வந்தவர், தூரத்திலிருந்தே கண்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். தாய் விசயம் அறிந்து மகனோடு படுத்திருக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். கடைசிவரைக்கும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

வெயில் தாழப் பஸ் வருகிற சத்தம் கேட்டது. அக்கா தாயின் தோளைத் தொட்டு எழுப்பினாள். அவள் எழும்பி இருந்து, கண்ணைக் கசக்கி, எங்கே இருக்கிறேன் என்பதுபோலத் தரையைப் பார்த்தாள்.

"அவன் போனதுக்குப் பிறகு இண்டைக்குத்தான் நான் நித்திரை கொண்டனான்" என்றாள்.

அக்கா தாயின் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸடி நோக்கி முன்னால் நடந்தாள்.